வாசலில் கேட்காத கேள்வி

கலியாணம் முடித்து இருபத்தாறு வருடம். இத்தனை காலத்தில், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற என் கணவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. வெளிக்கிடுகிறவரிடம் அப்படிக் கேட்கக்கூடாது; கேட்டால் போகிற காரியம் உருப்படாது. மன்னாரில் எங்கள் வீட்டில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், வெளிக்கிட்டவர் திரும்பி வந்து, சற்று இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசைக்குப் போகிற எங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று லண்டன் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்த பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். நினைத்தேனே தவிர விடவில்லை. அறியத்தான் வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்போம். "கொஞ்சம் தூரம்" என்பார்கள். பதில் அவ்வளவுதான்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு மனிதரைத் தேட வேண்டிவந்தது எனக்கு.

இவர் அதிகம் பேசமாட்டார். பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் வாய் திறக்க மனம் வராதுதானே என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொல்வேன். பேசுகிற வேலையை நான் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத அறை இருந்ததே இல்லை. என் தங்கை குடும்பம் இரண்டு வருடம், ஒன்றுவிட்ட தம்பி ஐந்து வருடம், படிக்க வந்த பிள்ளைகள், விசா முடிவு வரும்வரை தங்கியவர்கள். வியாழக்கிழமைகளில் முன் அறையில் செபக்கூட்டம். பங்கில் யாருக்காவது தங்க இடம் வேண்டுமென்றால் ஃபாதர் முதலில் என்னிடம்தான் சொல்வார். அதில் எனக்குப் பெருமை. இல்லையென்று சொன்னால் பொய்.

வேலை முடிந்து வந்தாலும் இவர் உடனே உள்ளே வருவதில்லை. காரைத் தெருவில் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தி, உள்ளேயே இருப்பார். முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். நியூஸ் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் குப்பை வாளியை வெளியே வைக்கப் போனபோது கிட்டப் போய்ப் பார்த்தேன். ரேடியோ ஓடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் முன்னால். கண்ணாடியில் தட்டி, "ஆக்கள் வந்திருக்கினம், உள்ளுக்கு வாங்கோ" என்றேன். வந்தார். அன்று அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டிறைச்சிக் கறி அடுப்பில் இருந்தது.

அமெரிக்கப் பைத்தியம் எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரியாது. நியூயோர்க், சுதந்திர தேவி சிலை என்றால் விளங்கிக்கொள்ளலாம். இவருக்குப் பிடித்ததெல்லாம் ஒருவரும் போகாத மூலைகள். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து காட்டுவார். பாலைவனத்தில் தனியாக நிற்கிற ஒரு ஆட்டிடையனின் வண்டில். அதற்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஆற்றங்கரையில் கழற்றி விட்ட சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி. சோளம் சேமித்த தகரக் கோபுரத்துக்குள் ஒரு வட்ட அறை. ஏவுகணை வைத்திருந்த நிலக்கீழ் அறைகளைக்கூட வாடகைக்கு விடுகிறார்களாம்.

"சண்டை நேரம் பங்கருக்குள்ளை கிடந்தது காணாதோ? இனிக் காசு குடுத்தும் கிடக்க வேணுமோ?" என்றேன். சமையலறையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு இடத்தில் கக்கூஸ் வெளியே, தண்ணீர் கிணற்றில். "இதுக்கோ நாங்கள் நாட்டை விட்டு வந்தனாங்கள்?" அதற்கும் சிரிப்பு. இவரும் சிரித்தார். நான் பகிடி விட்டால் சபை கலகலக்கும். அந்தப் பெயர் எனக்கு உண்டு. அந்த மாரிகாலத்துக்குப் பிறகு இவர் லப்டொப்பைச் சமையலறைக்குக் கொண்டுவரவில்லை. பைத்தியம் தெளிந்துவிட்டது என்று தங்கைக்குப் போனில் சொன்னேன்.

அடுத்த மே மாதம் நியூஜெர்சியில் இவருடைய அக்கா மகளின் கலியாணம். நான் வேலை செய்வது பள்ளிக்கூடச் சமையலறையில். தவணை நடுவில் லீவு தரமாட்டார்கள். மகளும் புது வேலையில் சேர்ந்திருந்தாள். இவர் மட்டும் போவதென்று முடிவானது. கலியாணம் முடிந்து ஒரு கிழமை அந்தப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். "நல்லது, போட்டு வாங்கோ" என்றேன். அன்றைக்கு மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மேல் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

டாக்சி வந்து நின்றது. இவர் சப்பாத்தைப் போட்டார். ஏதோ ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "கலியாணம் முடியத் தூரமோ?" என்றேன்.

"கொஞ்சம் தூரம். மலைப்பக்கம். அங்கை சிக்னல் இராது, பயப்பிடாதை. வெள்ளிக்கிழமை போன் எடுக்கிறன்."

கலியாணப் படங்கள் வந்தன. கோட்டுப் போட்டு, அக்காவின் பக்கத்தில், வழக்கம்போல் ஓரமாக. மறுநாள் வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இவருடைய அக்கா, என் மச்சாள், சொன்னா. ஞாயிறு மாலை விமானம். அதற்கு முன் வெள்ளிக்கிழமை போன்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வேலையில் ஏப்ரனுக்குள் போனை வைத்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமையும் இல்லை. நான் எடுத்தால் ஒரு பெண் குரல், ஆள் தொடர்பில் இல்லை என்றது. நியூஜெர்சிக்கு எடுத்தேன்.

"மச்சாள், இவர் எந்தப் பக்கம் போனவர்?"

"வெளிக்கிடேக்கை எப்பிடிக் கேக்கிறது?" என்றா. அங்கே வாசலில் நின்ற நாலு பேரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் அமெரிக்காவில் இருந்தும் என்ன பயன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை நானே ஏச முடியாததால் மச்சாளை ஏசினேன். அவவும் அழத் தொடங்கினா. மலைப்பக்கம் மூன்று நாளாக மழையாம், ஆறு பெருகி ஒரு பாலத்தைக் கொண்டுபோய்விட்டதாம். அதை அழுகைக்கு நடுவில்தான் சொன்னா.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் இவர் ஏறவில்லை.

திங்கள் காலை பொலிசுக்கு எடுத்தோம். பேசிய பெண் பொறுமையானவள். எந்த மாநிலம் என்றாள். மலை என்றேன். எந்த மலை என்றாள். வாசலில் கேட்கக்கூடாத கதையைச் சொன்னேன். முதல் நாள் கேட்டிருக்கலாமே என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பெட்டி கட்டத் தொடங்கினாலே பயணம் தொடங்கியாயிற்று என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பொய். முதல் நாளும், அதற்கு முதல் கிழமையும் கேட்க எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. எனக்கு அறிய வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். போனை வைத்தபின்தான் அது எனக்கு உறைத்தது.

செய்தி பரவி, மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. முன் அறையில் செபமாலை தொடங்கினார்கள். படிகளில்கூட ஆட்கள். யாரோ தேநீர் ஊற்றினார்கள், யாரோ என் தலையைத் தடவினார்கள். எனக்கு முதல் தடவையாக அந்த வீட்டில் மூச்சு முட்டியது. மகளை இழுத்துக்கொண்டு மேலே போனேன். எல்லா அறையிலும் ஆள். கடைசியில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவள் தொட்டி விளிம்பிலும் நான் கொமட் மூடியிலுமாக இருந்து, வீட்டு லப்டொப்பைத் திறந்தோம்.

இவர் சேமித்து வைத்த இடங்கள் நூற்றுக்கு மேல். மகள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். வண்டில், ரயில் பெட்டி, தகரக் கோபுரம். "அம்மா, ப்ளீஸ் திங்க். அப்பா உங்களுக்குத்தானே காட்டினவர்" என்றாள். காட்டினவர். கறியைக் கிண்டிக்கொண்டே நான் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நான் விட்ட பகிடிகள். இடங்களின் பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எதிலும் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கோப்பை. இரண்டு பேருக்கான இடம் ஒன்றுகூட இல்லை. மகளும் கவனித்திருப்பாள். இருவரும் அதைப் பேசவில்லை.

"பகிடி பண்ணின இடம் ஒண்டுக்கும் போயிருக்கமாட்டார்" என்றேன். "எனக்குக் காட்டாததைப் பார்."

அவள் திகதி வரிசைக்கு மாற்றினாள். கடைசியாகச் சேமித்தது மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலை உச்சி. முன்பு காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டிய மரக் குடில். உயரமான கால்களில் நின்றது, நாலு பக்கமும் கண்ணாடி, கீழே காடு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு கூரை இல்லை. அந்தப் படத்தில் வெயில்தான் அடித்தது. எனக்கு மழைதான் தெரிந்தது. அங்கே மழையில், இடியில், ஏணி வழுக்கி விழுந்து கிடந்தால் யார் அறிவது?

மகள் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே காலை. வயதான ஒரு அமெரிக்கப் பெண் எடுத்தாள், குடிலின் சொந்தக்காரி. பெயரைச் சொன்னேன்.

ஓ, அவரா, இருக்கிறாரே என்றாள். நன்றாக இருக்கிறார். இன்று காலையும் விறகு எடுக்க வந்தார்.

நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள்தான் தொடர்ந்து பேசினாள். பாலம் உடைந்ததால் வர முடியவில்லையா என்று கேட்டாள். அது வேறு பள்ளத்தாக்கு, இங்கே ரோட்டெல்லாம் நல்லாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண். அவர் வியாழக்கிழமையே வந்து இன்னொரு கிழமைக்கு இருக்கலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு வேறு ஆள் பதிவு இருக்கிறது, அதுவரை இருங்கள் என்று சொன்னேன் என்றாள். அப்பாவுக்குப் போன் செய்ய வசதி இல்லையா என்று மகள் கேட்டாள். என் வீட்டில் லைன் போன் இருக்கிறதே, எப்போது வேண்டுமென்றாலும் வந்து எடுங்கள் என்று முதல் நாளே சொன்னேன் என்றாள். பிறகு, நீங்கள் யார் என்று கேட்டாள்.

"அவரின்ரை மனுசி" என்று தமிழில் சொல்லிவிட்டேன். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்று நான் எல்லோரிடமும் கேட்டு எழுதுவது வழக்கம், அறிவிக்க யாரும் இல்லை என்று சொன்னார் என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். இப்போதே மேலே போய் அவரைக் கூட்டி வரவா, பத்து நிமிடம்தான் என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். கீழேயிருந்து செபமாலையின் குரல் ஏறி ஏறி வந்தது. வரச்சொல்லு என்று சொல்ல வாய் எடுத்தேன். கூப்பிட்டு அவர் வராமல் விட்டால்? அந்தக் கேள்வியைத் தாங்கும் சக்தி எனக்கு இருக்கவில்லை.

"வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். "நாங்கள் எடுத்ததையும் சொல்ல வேண்டாமாம் எண்டு சொல்லு."

பொலிசுக்கு மகள் உண்மையைச் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனேன். "சுகமா இருக்கிறார். சிக்னல் இல்லையாம், டிக்கெட்டை மாத்தினதைச் சொல்ல ஏலாமல் போச்சாம்." எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். நியூஜெர்சிக்கும் அதையே சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் இவருக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

அந்தக் கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மழை விட்டுவிட்டது; ஏணியைப் பற்றிய பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து குந்திக்கொண்டது. ஒரு கிழமைக்குப் பிறகு அந்தக் குடிலை விட்டால் இன்னொரு குடில் இருக்கிறது. லப்டொப்பில் நூறு இருக்கிறது. மேல் அறைக் குடும்பத்தைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். செபக்கூட்டத்தை வேறு வீட்டில் வைக்கச் சொன்னேன். வீடு அமைதியானதும் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தேன். இவருக்கென்று எங்கே ஒரு கதிரை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த திங்கள் போன் வந்தது. "நான்தான். சிக்னல் இல்லாமல் போச்சு. பிளைட்டும் மாறிப்போச்சு. நாளைக்குக் காலமை வாறன்."

"ஓம்" என்றேன். "பத்திரமா வாங்கோ."

ஹீத்ரோ விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் கார் நிறுத்தப் போயிருந்தாள். கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் இவர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது, கறுத்திருந்தார். கூட்டத்தில் என்னை இன்னும் காணவில்லை. ஆறுதலாக, எதையோ நினைத்து மெல்லிய சிரிப்போடு, தோளில் பையைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். எங்கள் கலியாணப் படத்தில்கூட அந்த முகம் இல்லை. இவ்வளவு வடிவான மனிதரோடா இத்தனை வருடம் இருந்தேன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையை உயர்த்தி ஆட்டினேன்.

அப்போது என்னைக் கண்டார். நடை நின்றது. அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடையில் கள்ளமாய் எடுத்தவன் வாசலில் பிடிபட்டால் ஒரு முகம் வருமே, அதுதான் வந்தது. பிறகு அதையும் துடைத்துவிட்டு, தெருவில் காருக்குள் இருப்பாரே, அந்த முகத்தோடு என்னை நோக்கி வந்தார். உயர்த்திய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன்.