பூமாரி வீட்டு அடுக்கு

பூமாரிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கும் அவள் வீட்டுக்கு வந்து வழக்கம்போல உலை வைத்தாள். சோறு வடித்து, குழம்பு கூட்டி, அப்பளம் பொரித்துப் புருஷன் பூபதிராஜாவுக்கும் அவன் தம்பி நல்லமுத்துவுக்கும் மகள் இந்துவுக்கும் பரிமாறினாள். "எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு, அப்புறம் சாப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவள், அவித்த பீன்ஸை அடுப்பு மேடையில் சாய்ந்தபடியே தின்று தண்ணீர் குடித்தாள்.

மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டி ரோட்டிலிருந்து கீழே இறங்கும் தேயிலைச் சரிவில் இருக்கிறது அவர்களுடைய லயம். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். பூமாரி பிறந்ததும் கல்யாணமாகி வாழ்வதும் இதே எஸ்டேட்டில்தான். முதலில் கொழுந்து கிள்ளப் போனாள். முட்டி வலி வந்த பிறகு ஃபாக்டரிக்கு மாற்றினார்கள். இப்போது மேல் மாடியில், பச்சை இலையைப் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டும் இடத்தில் வேலை. பூபதிராஜா மூணாறுக்கும் வட்டவடைக்கும் ஜீப் ஓட்டுகிறான். போகும்போது ஆள், வரும்போது கோஸும் கேரட்டும் பூண்டும். நல்லமுத்து எஸ்டேட் லாரியில் இலைமூட்டை ஏற்றுகிறவன். இந்துவுக்கு மூணாறில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் வேலை. நாலு பேரும் பொழுது சாயும் நேரத்தில் நாலு திசையிலிருந்து ஒரே பசியோடு வந்து சேருவார்கள். பூமாரி செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஒருவர், "என்ன சாப்பாடு?" என்பார்கள்.

"லேசா சர்க்கரையாம். மாத்திர குடுத்துருக்காங்க" என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். சோறு, கப்பை என்கிற மரவள்ளி, மற்றக் கிழங்கு எல்லாவற்றையும் நன்றாகக் குறைக்க வேண்டும், காயும் முட்டையும் கறியும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகப்போகிறது? கப்பையும் மீனும் இல்லாவிட்டால் பூபதிராஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்த மாதிரியே இருக்காது.

ஒரு நாள் இந்து தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் வந்தாள்.

"என்னம்மா திங்கிற?"

"பீன்ஸ்."

"வெறும் பீன்ஸா?"

"முட்ட ஒண்ணு இருந்துச்சு. சித்தப்பா கேட்டாரு, வச்சுட்டேன்."

இந்து சொம்பைக் கீழே வைத்தாள். "தினமும் இதுதானா? அதான் எங்ககூட ஒக்காரவே மாட்டேங்கிறியா?"

பூமாரி சிரித்தாள். "வேல முடிஞ்சு வந்து ஒங்களுக்கு ஒரு சமையலு, எனக்கு ஒரு சமையலுன்னு ஆக்கிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும்டி."

"அப்ப ஒரு சமையலே ஆக்கு. ஒனக்கு ஆகுறத நாங்களும் திங்கிறோம்."

"ஒங்கப்பா சோறில்லாம இருப்பாரா?"

இந்து சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஒரு வெள்ளைக்காரம்மா காயையும் கோழியையும் முட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிசார்ட்லயும் இது போடுறாங்க. கேசரோலுன்னு பேரு. அரிசி, மாவு எதுவும் கெடையாது. ஒரு பாத்திரத்துல எல்லாத்தையும் போட்டு மூடிட்டு நம்ம பாட்டுக்கு வேற வேல பாக்கலாம்."

"கேசரோலா? அது நம்ம சப்பாத்தி வச்சு மூடுற டப்பால்ல?"

"அந்த டப்பா இல்லம்மா. சாப்பாட்டுக்கே அதான் பேரு."

"டப்பா பேர சாப்பாட்டுக்கு வச்சுருக்காங்களா?" என்று பூமாரி ஆச்சரியப்பட்டாள். ஆனால் வெள்ளைக்காரம்மா அதை வெட்டி எடுத்தபோது உள்ளே தெரிந்த அடுக்கு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "இதுக்கு ஓவன் வேணுமே."

ஓவன் இல்லாத குறையைப் பக்கத்து வீட்டு அன்னாள் தீர்த்துவைத்தாள். அன்னாள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குக்கரிலேயே கேக் சுடுகிறவள். "விசிலையும் காஸ்கட்டையும் எடுத்துரு. அடியில கல்லுப்பப் பரப்பி ஒரு தட்ட வையி. அதுக்கு மேல பாத்திரம். தீயக் கொறச்சு வச்சுட்டு மறந்துரு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றுவதால், பழைய குக்கராகப் பார்த்து எடுக்கச் சொன்னாள்.

முதல் தடவை பூமாரி ஆசை ஆசையாகச் செய்தாள். வட்டவடைக் கோஸை மெல்லிசாக நறுக்கி, உதிர்த்த கோழிக்கறியை நடுவில் வைத்து, முட்டையைத் தயிரோடு அடித்து ஊற்றி, மேலே தேங்காய்ப்பூ தூவி மூடினாள். வாசம் லயம் முழுக்கப் போயிற்று. நாலு பேரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்தால், உள்ளே குளம் மாதிரித் தண்ணீர். முட்டை திட்டுத் திட்டாக மிதந்தது. கோஸ் அதில் நீச்சலடித்தது.

நல்லமுத்துதான் கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் பார்த்தான்.

"கொழம்பு நல்லாருக்கு மதினி. சோறு எங்க?"

முதலில் சிரித்தது பூமாரிதான். பிறகு இந்து. பூபதிராஜா பாவம் பார்த்து அடக்கிக்கொண்டிருந்தவன், பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டான். அன்றைக்கு அவசரமாக ஒரு உலை வைத்து, கேசரோலை ஊற்றிப் பிசைந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். பூமாரி அடியில் கிடந்த கறியை மட்டும் அரித்தெடுத்துத் தின்றாள்.

அடுத்த நாள் ஃபாக்டரி மாடியில் அவள் இலைக்குள் கையை விட்டாள். வந்த உடனே இலை விறைப்பாக இருக்கும். பிடித்தால் நறுக்கென்று ஒடியும். காற்றில் கிடந்து தண்ணீர் வற்றிய பிறகு, துணியைக் கசக்குவதுபோல உள்ளங்கைக்குள் உருண்டு, கையை விரித்தால் மெதுவாக மலரும். அந்தப் பதம் வராத இலையை மெஷினில் விட்டால் கூழாகிவிடும். இத்தனை வருஷமாகத் தினமும் தொட்டுப் பார்க்கும் இலைதான். அன்றைக்கு அதைக் கசக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று தனக்குள் சிரித்தாள்.

பக்கத்தில் இலையைப் புரட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய், "என்ன அக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கோஸ வாட்டாம மெஷின்ல போட்டுட்டேன்."

வேலுத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பூமாரி கோஸை நறுக்கி, உப்புப் பிசறி, ஒரு பழைய வேட்டித் துணியில் கட்டிக் குழாய்க்கு மேலே தொங்கவிட்டாள். தயிரையும் இன்னொரு துணியில் கட்டிவிட்டாள். சாயங்காலம் வந்தபோது கோஸ் பாதியாகச் சுருங்கியிருந்தது. அதை ஒட்டப் பிழிந்து, பூண்டும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு வதக்கு வதக்கினாள். கோஸ், கறி, மறுபடி கோஸ். அதன்மேல் கெட்டித் தயிரோடு அடித்த முட்டை. எல்லாவற்றுக்கும் மேல் தேங்காய்ப்பூ. குக்கரை மூடித் தீயைக் குறைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்து, துணி மடித்து, வாசலில் நின்று அன்னாளோடு ஊர்க்கதை பேசி முடிக்கும்போது தேங்காய் சிவந்த வாசம் வெளியே வந்தது.

இந்தத் தடவை கத்தியை விட்டால் துண்டாக வந்தது. ஓரம் பொன்னிறமாக மொறுமொறுப்பாக இருந்தது. உள்ளே அடுக்கு அடுக்காக வெள்ளையும் பழுப்பும் தெரிந்தது.

பூபதிராஜா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கேக்கா?"

"சாப்புட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா பழைய சோறு இருக்கு."

ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய். பூமாரி பழைய சோற்றுச் சட்டியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"இரு, இத முடிச்சுக்கிறேன்" என்றான்.

அதை முடித்து இரண்டாவது துண்டும் வாங்கினான். நல்லமுத்துதான் ஒரு கை சோறு கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்ளும் காயாக அதைச் சாப்பிட்டான். பூமாரியும் அன்றைக்குத் தட்டோடு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இந்து அதைப் பார்த்தாள். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், நன்றாகச் சிவந்த மூலைத் துண்டை அம்மாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

கேசரோல் என்ற பேர் அந்த வீட்டில் நிற்கவில்லை. "இன்னைக்கு அடுக்கா?" என்றுதான் கேட்டார்கள். வாரத்தில் பாதி நாள் அடுக்கு. ஒரு நாள் கோஸும் கோழியும், ஒரு நாள் காலிஃபிளவரும் முட்டையும், கறி இல்லாத நாளில் பன்னீர். காலையில் நறுக்கிக் கட்டிவிட்டுப் போனால், சாயங்காலம் அடுப்பருகே நிற்கும் வேலை கொஞ்சம்தான். பூபதிராஜா வட்டவடையில் கோஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இறுக்கமானதாக எடுத்து வரத் தொடங்கினான். தோட்டக்காரர்கள், "என்ன பூபதி, பொண்ணா பாக்குற?" என்று கேலி செய்வதாகச் சொல்லிச் சிரித்தான். மற்ற நாள்களில் அவனுக்குச் சோறு உண்டு. அவள் அதைப் பிடுங்கவில்லை.

கோடை மழை பெய்து கொழுந்து பொங்கிய ஒரு நாள் ஃபாக்டரியில் இலை குவிந்துவிட்டது. கூடுதல் நேரம் வேலை பார்த்துவிட்டுப் பூமாரியும் வேலுத்தாயும் மற்ற பெண்களும் எஸ்டேட் ஜீப்பில் திரும்பினார்கள். வளைவு ஒன்றில் ஜீப் நின்றது. முன்னால் ரோட்டுக்கு நடுவே ஆனை. ஒற்றை ஆனை. மேட்டுப் புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாக மென்றுகொண்டிருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்தார். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன.

பூமாரியின் போன் அடித்தது. மறுபடி பிடித்த மழையின் இரைச்சலில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள். பூபதிராஜா.

"எங்க இருக்க?"

"ஆனை நிக்குது. நேரமாகும் போல. நீங்க கடையில பொரோட்டா வாங்கிக்கோங்க."

"பொரோட்டா ஒனக்கு ஆகாதுல்ல?"

"நான் வந்து எதையாவது தின்னுக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம். நீ கோஸ நறுக்கிக் கட்டித்தான வச்சிருக்க? நாங்களே வைக்கிறோம். எப்படின்னு சொல்லு."

ஜீப்பிலிருந்த எல்லாப் பெண்களும் போனையே பார்த்தார்கள்.

"மொதல்ல கோஸப் பிழியுங்க."

"பிழிஞ்சாச்சு."

"எம்புட்டுத் தண்ணி வந்துச்சு?"

"அரை டம்ளரு."

"பத்தாது. தம்பிகிட்ட குடுங்க. மூட்ட தூக்குற கை."

நல்லமுத்துவின் குரல் கேட்டது. "பிழியிறேன் மதினி." கொஞ்ச நேரம் முக்கல் முனகல் கேட்டது. பிறகு, "மதினி, துணி கிழிஞ்சிருச்சு."

ஜீப் குலுங்கிச் சிரித்தது. "சத்தம் போடாதீங்க, திரும்பிப் பாக்குது" என்று டிரைவர் அதட்டினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விசில எடுத்தீங்களா?" என்றாள் பூமாரி.

"எந்த விசிலு?"

"குக்கர் விசிலு. காஸ்கட்டையும் எடுக்கணும்."

"எதுக்கு?"

வேலுத்தாயால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. போன் பக்கம் குனிந்து, "அண்ணே, கேள்வி கேக்காம எடுங்க. இல்லன்னா மூடி கூரைக்குப் போயிரும்" என்றாள்.

"யாரு அது?"

"வண்டி முழுக்கக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் பூமாரி.

பூபதிராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, எல்லாருமே சொல்லுங்க. மிளகு எம்புட்டு?" என்றான்.

ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். ஒருத்தி இஞ்சி போடச் சொன்னாள், இன்னொருத்தி வேண்டாமென்றாள். எப்போது ஆனை ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கியது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. டிரைவர் என்ஜினைப் போட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கருகிய தேங்காய் வாசம். மூன்று பேரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். பூபதிராஜாவின் சட்டையில் முட்டை வழிந்து காய்ந்திருந்தது. இந்து அம்மாவை உட்காரச் சொல்லி, வெட்டிய துண்டை வைத்தாள். அடி கருப்பு. மிளகு தூக்கல், ஜீப்பிலிருந்தவர்கள் சொன்ன எல்லா அளவையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

பூமாரி மென்றாள். அவர்கள் மூவரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கோஸ் நல்லா வாடியிருக்கு" என்றாள்.

"நான் பிழிஞ்சது" என்றான் நல்லமுத்து.

"அடுப்பப் பாத்தது நானு" என்றான் பூபதிராஜா.

"அதான் அடி கருகிருச்சு" என்றாள் இந்து.

பூமாரி இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். உடம்பு அலுப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஜீப்பில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே வேலுத்தாய் நெத்திலிக் கருவாடு வைத்து அடுக்கு செய்து, ஃபாக்டரி மாடியில் எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அன்னாள் காலிஃபிளவரை உதிர்த்துச் செய்து பார்த்து, கேக்கை விட இது சுலபம் என்றாள். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மாத்திரையை விடாமல் இப்படியே போகட்டும் என்றார். என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்து, செய்முறையையும் கேட்டுக்கொண்டார்.

இந்த ஆவணியில் நல்லமுத்துவுக்குப் பெண் பார்க்கப் பூபதிராஜாவின் ஜீப்பில் எல்லாரும் போடிக்கு இறங்கினார்கள். பெண்ணின் பேர் முருகேஸ்வரி; துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தவளிடம் அவள் அத்தை, மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னாள். நல்லமுத்து வாயைத் திறக்கும் முன்னே பூமாரி அடுக்கைப் பற்றி விளக்கமாகச் சொல்லி முடித்துவிட்டாள். முருகேஸ்வரி பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும் போலக்கா. ஆனா எனக்குச் சோறு இல்லாம தூக்கம் வராது" என்றாள்.

"எனக்குந்தான்" என்றான் நல்லமுத்து, தன்னை மறந்து.

கூடம் முழுக்கச் சிரித்தது. முருகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சம்பந்தம் அங்கேயே கூடிவந்த மாதிரிதான்.

திரும்பி மலை ஏறுவதற்கு முன், போடி பஜாரில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள் பூமாரி. வீட்டில் இருக்கும் குக்கர் இனிமேல் அஞ்சு பேருக்குப் பத்தாது என்று, கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.