செல்வியின் மெட்டுக்கு வார்த்தை தேடி

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை காலை திருச்சியில் காரைக்கால் ரயில் ஏறினோம். நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். செல்விக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு பாட்டின் வார்த்தைகளைத் தேடிப் போனோம்.

பங்குனியில் என் மனைவி செல்விக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன, பேச்சு திரும்பவில்லை. "ம்", "இல்ல", இரண்டும்தான் வரும். ஆனால் ஒரு மெட்டை மட்டும் பிசகாமல் முனகுவாள். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் நான் கேட்டுவந்த மெட்டு. வார்த்தையோடு ஒருநாளும் கேட்டதில்லை. பேச வராத சிலருக்குப் பாட்டில் சொல் வருவதுண்டு, அது எந்தப் பாட்டென்று பாருங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி தரும் பெண். காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் விவசாயம் பார்க்கும் மைத்துனரைப் போனில் அந்த மெட்டைக் கேட்க வைத்தேன். அக்கா காரைக்காலில் சிஸ்டர்மார் பள்ளியில் படித்தபோது கற்றதாக இருக்கும், வார்த்தை தனக்குத் தெரியாது என்றார்.

தஞ்சாவூர் தாண்டியதும் இருபுறமும் நட்டு முடிந்த சம்பா வயல்கள். செல்வி வெளியே பார்த்தபடி முனகிக்கொண்டு வந்தாள். நாகூரில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, அக்கா சிஸ்டர்மார் ஸ்கூல்ல படிச்சவங்களா?"

அவர் பெயர் ஜைனம்பு. அதே பள்ளியில் படித்தவர். காலை பிரேயரில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்று பாடிய மாதா பாட்டாம் அது. இன்றைக்கும் இடியாப்பம் பிழியும்போது தன்னால் வாயில் வந்துவிடும், துபாயிலிருக்கும் கணவர் போனில் கேட்டுச் சிரிப்பார் என்றார். அவருக்கும் வார்த்தைகள் பாதி மறந்திருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவிலில் பாடகர் குழு ஒத்திகை நடக்கும், தானும் வருகிறேன் என்றார்.

"எனக்கும் தெரிஞ்சாவணும்ங்க. இல்லன்னா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும்."

காரைக்காலில் இறங்கி, பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம், வாடகை தொள்ளாயிரம். மீன்குழம்புச் சாப்பாடு, சிறிது தூக்கம். ஐந்து மணிக்குக் கோவில் போனபோது ஜைனம்பு வாசலில் காத்திருந்தார்.

கீபோர்டில் இருந்தவர் ஆரோக்கியம். கோவில்பத்து என்ற பகுதியிலிருந்து வரும் அலுவலக ஊழியர், குழுவுக்குத் தலைவர். செல்வி முனகியதைக் கேட்டதும் தலையசைத்தார். திருவிழாவில் இப்போதும் பாடுகிறோம் என்று சொல்லி, தாளம் போட்டு எல்லோருமாகப் பாடிக் காட்டினார்கள். விறுவிறுப்பான பாட்டாக இருந்தது. செல்வி "இல்ல" என்று எழுந்துவிட்டாள். வந்த காரியம் அவ்வளவுதான் என்று நானும் பையை எடுத்தேன்.

ஜைனம்புதான் கையைக் காட்டி நிறுத்தினார். "இவ்ளோ வேகம் இல்லைங்க. நாங்க நின்னு நிதானமா பாடுவோம்." இப்போது கேட்ட வார்த்தைகளை வைத்து, மெதுவாகக் கைதட்டி, அவரே ஆரம்பித்தார்.

இரண்டாம் அடியில் செல்வியின் வாய் திறந்தது.

"கடலோரம் விளக்கேற்றும் தாயே..."

குழறலில்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. ஏழு மாதமாக நான் கேட்காத குரல். ஜைனம்பு விட்ட இடத்தையும் அவள் விடவில்லை. குழுவுக்கே தெரியாத ஒரு சரணத்தைத் தனியாகப் பாடினாள். அந்தச் சரணம் எங்களிடம் இல்லை என்று சொல்லி, ஆரோக்கியம் இன்னொரு முறை பாடவைத்துப் போனில் பதிவு செய்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் ஆசையில் அவசரப்பட்டேன். என் பெயரைச் சொல்லச் சொன்னேன். உதடு துடித்தது, "ம்" மட்டும் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்றேன்.

மறுநாள் காலை ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது செல்வி தட்டைத் தொட்டாள். பிறகு அந்த மெட்டிலேயே, "சட்னி... இன்னும் கொஞ்சம் வேணும்" என்று பாடினாள். பரிமாறுபவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு சட்னியை நிறையவே ஊற்றினார்.

திருச்சி திரும்பி ஒரு மாதமாகிறது. காரைக்காலில் அந்த மெட்டைத் திருவிழாவுக்குத்தான் பாடுகிறார்கள். எங்கள் வீட்டில் தண்ணீருக்கும் மாத்திரைக்கும் அதுதான். பயிற்சிப் பெண் என்னையும் அதே மெட்டில் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாட வராது. நேற்று "உப்பு போதுமா" என்று பாடிக் கேட்டேன். செல்வி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்த அடியை எப்படிப் பாடவேண்டும் என்று எனக்குப் பாடிக் காட்டினாள்.