கேஜ் நுழையாத வளையம்

எண்பதுகளின் நடுவில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். குழாய் வேலை எனக்கும் என் கூட்டாளிக்கும் கிடைத்தது. உண்மையில் அவனுக்குத்தான் கிடைத்தது, நான் கூடப் போனவன். டவுனில் அவன் அப்பாவுக்குத் தகரக் கடை. அங்கே ஓட்டை அடைத்த வாளி மறுபடி ஒழுகாது என்று பெயர். அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக்காரர் அவனிடம், "பாய், நீங்களே இருந்து முடிச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

மாடியில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் தட்டு. அங்கிருந்து குளியலறைகளுக்குச் சுவருக்குள்ளேயே வெந்நீர்க் குழாய். நாங்கள் அதுவரை இரும்புக் குழாயில் மரை போட்டுச் சணல் சுற்றியவர்கள். அந்த வீட்டில் குடிவர இருந்த ஜெர்மன்காரர் தன் ஊரிலிருந்து வளைகிற பிளாஸ்டிக் குழாயைச் சுருளாகக் கொண்டுவந்திருந்தார். கூடவே பித்தளை மூட்டுகள், செம்பு வளையங்கள், நீளக் கைப்பிடி வைத்த ஒரு குறடு.

ஒரே ஒரு முறை செய்து காட்டினார். குழாயை நேராக வெட்டி, வளையத்தை மாட்டி, மூட்டைக் குழாய்க்குள் கடைசிவரை அழுத்த வேண்டும். வளையம் குழாயின் நுனியிலும் இருக்கக் கூடாது, ரொம்பத் தள்ளியும் போகக் கூடாது. குறட்டைச் சாய்க்காமல் பிடித்து, அதன் வாய் முழுதாக மூடும்வரை நெரிக்க வேண்டும். கடைசியில் கேஜ். பிளவு வெட்டிய சின்ன இரும்புத் தகடு அது. நெரித்த வளையத்தின் மேல் அந்தப் பிளவு நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் மூட்டை வெட்டிவிட்டுப் புது வளையம் போட வேண்டும்.

முதல் நாளே நான் இரண்டு வளையங்களைப் பாழாக்கினேன். ஜெர்மன்காரர் டப்பாவில் மிச்சம் இருந்த வளையங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். என் கூட்டாளி ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. அது எனக்குள் எரிந்தது.

மூன்றாம் நாள் மாடிக் குளியலறை மூலையில் ஒரு மூட்டு. தூண் இடித்ததால் குறட்டின் கைப்பிடி விரியவில்லை. சாய்த்துப் பிடித்து நெரித்தேன். கேஜ் நுழையவில்லை. மூன்றாவது வளையத்தை வெட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க எனக்கு மனசில்லை.

கீழே படியில் இருந்து கூட்டாளி கேட்டான்.

"கேஜ் போட்டியாடா?"

"போட்டேன்."

"நுழைஞ்சுதா?"

"நுழைஞ்சுது. நீ உன் வேலையப் பாரு."

பச்சைத் தண்ணீரை ஏற்றி, அழுத்திச் சோதித்தபோது ஒரு சொட்டு கசியவில்லை. கொத்தனார் பூசி மூடினார்.

வெந்நீர் ஓட ஆரம்பித்த பிறகு குழாய் பகலில் சூடாகி ராத்திரியில் ஆறியது; விரிந்து சுருங்கியதில் அந்த மூட்டு இளகியது. இரண்டு மாதத்தில் அந்த மூலைச் சுவர் உப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம், இன்னும் வாடகைக்கு விடாத அறையில் வீட்டுக்காரர் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் நனைந்து முளைத்து நாறின.

எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கூட்டாளிதான் உளியால் சுவரை உடைத்தான். வளையம் கோணலாக, குழாயின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல் கேஜை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னா பாய் இது? யாரு போட்டது?" என்றார் வீட்டுக்காரர்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. நான் தரையில் கிடந்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. வாயைத் திறக்கவில்லை.

"என் வேலதாங்க" என்றான்.

"தகர டப்பா அடிக்கிற கைக்கு ஃபாரின் வேல கேக்குதா? உங்கப்பன் பேர நம்பி உட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவன் கோணல் வளையத்தோடு அந்தக் குழாய் மூட்டை வெட்டி எடுத்தான். தூணின் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கிக் குறட்டுக்கு இடம் பண்ணினான். புது வளையத்தைப் போட்டு நெரித்தான். கேஜ் நுழைந்தது. மொத்தம் கால் மணி நேர வேலை.

தெருவுக்கு வந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீ சொல்லுவேன்னுதான்டா அவ்ளோ நேரம் நின்னேன்."

நான் குனிந்து என் சைக்கிள் பூட்டைத் திறந்தேன்.

வீட்டுக்காரர் அந்த ரோடு முழுக்கச் சொல்லிவைத்தார். அந்தப் பக்கம் அவனை யாரும் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் எழும்பியபோதும் எனக்கு வேலை ஜாஸ்தி. கைசுத்தமான ஆள் என்று என் காது கேட்கவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவன் குடும்பத்தோடு வேலூருக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

சில வருஷம் கழித்து வேலூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன்.

"நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றான், ஒரு வாடிக்கைக்காரரிடம் கேட்பதைப் போல.

"இருக்கேன்" என்றேன். அவன் பஸ் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி, நான் நின்ற பக்கத்தை விட்டு அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தான்.