அடுத்த குடும்பம்

ராணுவக் குடியிருப்பில் ஆள் இருக்கும் வீடுகளைவிடப் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் குழாய்க்காரருக்கு அதிக வேலை வைத்தன. தண்ணீர் ஓடாத வீட்டில் குழாய் துருப்பிடிக்கும், சாக்கடை நாற்றம் மேலே ஏறும். அதனால் வாரம் ஒருமுறை சாவிக்கொத்தோடு போய், ஈ காக்கை இல்லாத அந்த வீடுகளில் குழாய்களைத் திறந்து ஓடவிட்டு மூட வேண்டும். யாரும் குளிக்காத குளியலறைக்குத் தண்ணீர் விடச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் வேறெங்கே கிடைக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதெல்லாம் மகள் வீடு காலியாகும்வரை.

மருமகன் சிப்பாய். எல்லையில் இறந்துபோனான். துக்கம் ஆறுவதற்குள் குடியிருப்பு அதிகாரி வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த குடும்பம் காத்துக்கிட்டிருக்கும்மா. கைக்குழந்தை வேற. கொஞ்சம் சீக்கிரம் காலி பண்ணிக் குடுங்க."

தன் மகனின் பரீட்சை முடியட்டும் என்று கேட்க வாயெடுத்த மகள், கைக்குழந்தை என்றதும் அடங்கிப்போனாள். பிள்ளையோடும் இரண்டு பெட்டிகளோடும் குடியிருப்புக்கு வெளியே அப்பாவின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த குடும்பம் வரவே இல்லை. அந்த வீட்டுச் சாவியும் குழாய்க்காரரின் கொத்தில் சேர்ந்ததுதான் மிச்சம். காத்திருந்த குடும்பம் எந்த லோகத்தில் இருந்ததோ, அந்த அதிகாரிக்கே வெளிச்சம். மகள் அடுப்பு பற்றவைத்த சமையலறையில் நின்று அவர் குழாயைத் திறந்து ஓடவிட்டார்.

அன்று மாலை அவள் கேட்டாள். "அப்பா, நம்ம வீட்டுக்கு அவங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கம்மா."

பொய் தானாக வாயில் வந்துவிட்டது. ஒன்று சொன்னால் அவள் ஒன்பது கேட்டாள். குழந்தை பையனா பொண்ணா? அந்தப் பெண்ணுக்கு வீடு பிடித்திருக்கிறதா? "பின் ஜன்னல் கொக்கி சரியா மாட்டாது, அவகிட்ட சொல்லிடுங்க." குழாய்க்காரரும் சளைக்கவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்க வைத்தார், தவழ வைத்தார், நடக்கவும் வைத்தார். தன் மகனின் பழைய ஸ்வெட்டரை அவள் துவைத்துக் கொடுத்தனுப்பினாள். அதைக் காலி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"நம்ம வீட்ல ஒரு புள்ள வளருதே, அதுவே நிம்மதி" என்பாள். அப்போது மட்டும்தான் அவள் முகம் கொஞ்சம் தெளியும்.

பிறகு அந்த வரிசையையே இடிக்கப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, அலமாரியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துக் கருவிப் பைக்குள் திணித்துக்கொண்டார். மகள் தினமும் பஸ்ஸில் போகும் வழி அது; மதிலுக்கு மேல் அந்த வரிசையின் கூரைகள் மட்டும் தெரியும். இடிப்பது அவள் கண்ணில் படுவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அந்தக் குடும்பம் போயிட்டாங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"அப்பா, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

குழந்தைக்குப் பல்வரை கொடுத்தவர், அதன் அப்பனைப் பற்றி நினைத்தே பார்த்ததில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. மாத்தல்தான். அவரே நின்னு சாமானெல்லாம் ஏத்தினாரு."

அவள் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். "அது போதும்ப்பா. அது போதும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். புருஷன் செத்த செய்தி வந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

குழாய்க்காரர் கருவிப் பையைக் காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த ஒற்றை அறையில் ஸ்வெட்டரை ஒளித்து வைக்க வேறு இடமில்லை.