காற்றில்லாத நான்கு சக்கரங்கள்

எங்கள் வீட்டில் எந்த வண்டி கிளம்பினாலும் முதலில் டயரைத் தட்டிப் பார்ப்போம். நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களின் பழக்கம் அது. என் கணவர் ஜாக்கி கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு தட்டுவார். சத்தம் கெட்டியாக வந்தால் காற்று இருக்கிறது. தளர்ந்து வந்தால் பஞ்சர். அப்படித் தட்டிப் பார்த்துக் கிளம்பிய ஒரு நாளில்தான் அவர் ஓட்டிய லாரியின் முன் டயர் வெடித்தது. உயிர் பிழைத்தார். இடது முழங்கால் இன்றும் மடங்குவதில்லை.

அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், பொறியியல் கடைசி ஆண்டில் காற்றில்லாத டயரைத் தன் புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தோழிகளோடு சேர்ந்து நான்கு சக்கரங்கள் செய்து எங்கள் பழைய காரில் மாட்டினாள். நடுவில் இரும்பு வட்டு, வெளியே ரப்பர் பட்டை, இரண்டுக்கும் இடையே வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் ஆரக்கால்கள். ஆரக்கால்களுக்கு நடுவே கை நுழையும் அளவு இடைவெளி.

"காத்தே இல்லீன்னா எதும்மா வெடிக்கும்?" என்றாள். பல வருடங்களாக என் வயிற்றில் கிடந்த பயம் அன்று கொஞ்சம் இறங்கியது.

முதல் நாள் அவர் கம்பியால் தட்டினார். மொத்தென்று ஒரு ஓசை.

"என்ன சாமி, உன்ற டயரு தலகாணியத் தட்டுன மாதிரி இருக்குது?" என்று மகளிடம் கேட்டார்.

"அது பேசாதுப்பா. பேசறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல."

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மாலை, டிராக்டர்கள் உழுது போட்டது போலாக்கிய களிமண் தடத்தில் மகள் காரை ஓட்டி வந்து வீட்டு முன் நிறுத்தினாள். அதன்பின் சில நாள் நல்ல வெயில். கார் நின்ற இடத்திலேயே காய்ந்தது. ஊரில் எல்லா வண்டியிலும்தான் சேறு, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

டாக்டரிடம் என் கண்ணைக் காட்ட சேலம் அஸ்தம்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது அவர் வழக்கம்போல் தட்டினார். டங்கென்று கெட்டியான சத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்கு வாயத் தொறந்துருச்சு பாரு. லாரி டயராட்டமே சொல்லுது. போய்ட்டு வாங்க சாமி."

மகளும் சிரித்தாள். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பைபாஸில் மல்லூரைத் தாண்டியபோது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. காருக்கு அடியில் யாரோ கல்லை விட்டெறிவது போன்ற சத்தம். "கெட்டியாப் புடிச்சுக்கம்மா," என்றாள் மகள். அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. கார் இடப்பக்கம் சாய்ந்து இழுத்தது. பின்னால் ஒரு லாரியின் ஹாரன் நெருங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் அதன் முகப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எங்களை உரசுவது போல் விலகி அது போனபோது காரே ஆடியது. சாலையோரத்து மண்ணில் இறங்கி நின்றோம்.

முன் இடது சக்கரத்தில் ஒரு பாதி ஆரக்கால்கள் சீப்பின் பற்கள் போல உடைந்திருந்தன. மறுபாதியில் களிமண் செங்கல்லாக இறுகி அப்படியே இருந்தது. வேகத்தில் ஒரு பக்கத்து மண் மட்டும் பெயர்ந்து விழ, எடை ஒருபக்கமாகிச் சக்கரம் உதறியிருக்கிறது.

மகள் குந்தி உட்கார்ந்து அந்த மண்ணை விரலால் சுரண்டினாள். "அப்பா கேட்டது இந்த மண்ணோட சத்தம்மா," என்றாள்.

நான் ஓரத்து மண் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவளோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது புதிதாக நான்கு சக்கரங்கள் செய்திருக்கிறாள். சேறு புகாதபடி இரு பக்கமும் ரப்பர் தகட்டால் மூடியாயிற்று. அவள் சொல்வது சரிதான், மண் புகாது. ஆனால் முன்பு குனிந்தாலாவது உள்ளே தெரியும். இனி ஆரக்கால் உடைந்துபோனாலும் வெளியே கறுப்பு மூடிதான் தெரியும்.

இன்று காலை அதே சாலையில் சேலத்துக்குக் கிளம்பினாள். என் கணவர் நான்கையும் தட்டினார். ஒன்றை மட்டும் மறுபடி தட்டினார்.

"என்னப்பா சொல்லுது?" என்றாள், காருக்குள்ளிருந்து.

அவர் என்னைப் பார்த்தார். "தெரியல சாமி," என்றார்.

அவள் கையசைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.