கடப்பாக்கத்தில் சத்தம் வராத நிக்காஹ்

டிவியில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் டிவியை விட்டுவிட்டு ரிப்பேர்காரன் முதுகைப் பார்ப்பார்கள். எங்கள் தொழில் அந்த முதுகை வைத்துத்தான் நடக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பைக்கில் கிளம்பி, செங்கல்பட்டு முதல் கடற்கரை வரை வீடு வீடாகப் போய், கம்ப்யூட்டரில் இருக்கும் வீடியோவை வைஃபை வழியாக டிவிக்குக் கொண்டுவந்து கொடுப்பவன் நான். முன்பு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அங்கே மெஷின் நின்றால் சூப்பர்வைசர் ஒருவர்தான் திட்டுவார். இங்கே மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களே, நான் பட்டதைக் கேளுங்கள், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உப்புக்காற்றுக்குப் பயந்து

மாமல்லபுரத்தில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. படம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நான் டிவிப் பெட்டியின் செட்டிங்கை மாற்றினேன், கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றினேன், கடைசியில் இரண்டையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. அந்த வீட்டம்மா பாவம் பார்த்து மோர் கொடுத்தார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வைஃபை பெட்டி எங்கே என்று கேட்டேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே பட்டுப்புடவைகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது பெட்டி. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துப் போகிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "இன்னா தம்பி, காலைலேர்ந்து இங்கதான கீறீங்க, பொட்டி எங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

ஸ்பீக்கர் செத்த கதை

அந்தச் சூடு ஆறுவதற்குள் கடப்பாக்கத்திலிருந்து அழைப்பு. ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் வழியில் காதர் பாய் வீடு. மீனுக்கு ஐஸ் போடும் வியாபாரம். ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மகள் ஷபானாவின் நிக்காஹ் அன்று அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டிய தகப்பன் இடத்தில் தம்பி சலீம் நின்று கேட்டார். இப்போது காதர் பாய்க்கு ஹாலிலேயே கட்டில், எதிரே டிவி. கல்யாண வீடியோ மாடியில் மகன் ரியாஸின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஷபானா மாப்பிள்ளை வீட்டாரோடு விருந்துக்கு வருகிறாள்.

"வந்ததும் கேப்பா, அத்தா பாத்தியான்னு. நா இன்னான்னு சொல்றது?" என்றார். ஃபோனில் பார்க்கலாமே என்றேன். "எம் பொண்ணு நிக்காஹ்பா அது. பெருசா பாக்கணும்" என்றார். அவர் பார்க்காமல் வீட்டில் யாரும் அதைத் திறக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார்.

இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை. ஒலியைக் கடைசி வரை ஏற்றினேன். பெண்கள் அறையில் ஷபானாவின் அம்மா மும்தாஜ் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்கிறார், சலீம் உள்ளே வருகிறார், ஷபானாவின் உதடு அசைகிறது, எல்லாம் ஊமைப்படம். காதர் பாய் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நான் பெரிய டாக்டர் மாதிரி டிவியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றேன். ரியாஸ் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து கேபிள் சேனலை வைத்தான். நகைக்கடை விளம்பரம் வீடே அதிரும்படி அலறியது. கட்டிலில் தூக்கிவாரிப் போட, காதர் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஸ்பீக்கர் செத்துப்போச்சின்னியே, மையத்து எழுந்து கத்துதேப்பா!"

புங்கமரத்தடியில்

மறுநாளும் போனேன். கோளாறு எங்கே என்று பார்க்க என் ஃபோன் திரையை அவர்கள் டிவியில் காட்டிப் பார்த்தேன். அது நன்றாக வந்தது. பிறகு, யோசிப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்து, புங்கமரத்தடியில் நின்று ஃபோனில் ரகசியமாகத் தேடினேன். 'படம் வருது சத்தம் வரல என்ன செய்வது' என்று தட்டினேன். அடுத்து 'கஸ்டமர் கோபப்படாமல் சமாளிப்பது எப்படி' என்றும் தட்டினேன். அதை ஏன் தட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஃபோனுக்கும் டிவிக்கும் இருந்த தொடர்பை நான் துண்டிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. சாவி ஹாலில் டிவி மேல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். மும்தாஜ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: "வெயில்ல நின்னுகினு ஏன் தம்பி தேடறீங்க, உள்ளயே ஒக்காந்து தேடுங்க. டிவில எழுத்து எங்களுக்கும் நல்லா தெரியுது."

வெள்ளிக்கிழமை விருந்து

தேடியதில் விடை கிடைத்தது. வீடியோவில் சத்தம் பதிவாகியிருந்த வகை அந்த டிவிப் பெட்டிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை போய், கம்ப்யூட்டரில் அதை வேறு வகைக்கு மாற்றினேன். அவர் கேட்காததை நான் கேட்கக் கூடாது என்று ஒலியை அணைத்தே வைத்திருந்தேன். மாற்றி முடித்து மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஹாலில் உட்கார்ந்தார். பெண்களுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் சலீம் வீட்டில் சாப்பாடு. ஷபானா நேராக அப்பாவின் கட்டிலுக்கு வந்தாள். "அத்தா, பாத்தியா?" அவர் என்னைப் பார்த்தார்.

என் ஃபோனில் டிவி பெயரைத் தொட்டு ஓடவிட்டேன். ஹால் டிவியில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தி ஒலியைக் கூட்டினேன். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து மும்தாஜின் குரல் கணீரென்று கேட்டது: "மாப்ள கொஞ்சம் குள்ளம்தான்டி. நிக்க வெச்சி போட்டோ எடுக்காதீங்க, ஒக்கார வெச்சி எடுங்க."

அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை. ஒரே கடையில் வாங்கிய, ஒரே பெயருள்ள இரண்டு டிவிப் பெட்டிகள். நான் தொட்டது சலீம் வீட்டு டிவியை, கல்யாண வீடியோ அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பிரியாணித் தட்டோடு ஹாலுக்கு வந்து நின்ற மும்தாஜ் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் என் காது எரிந்தது. நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாத!" என்று கத்தினார் காதர் பாய். "அவ பேசி முடிச்சா சலீம் வருவான். அப்பறம் எம் பொண்ணுதான்." ஊமைப்படத்தைப் பார்த்துப் பார்த்து வரிசை அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அதே மாதிரி சலீமின் குரல் வந்தது, சம்மதமா என்று கேட்டது. பிறகு சுவர் வழியாக, மெல்ல, "சம்மதம்." பக்கத்தில் இருந்த ஷபானா அப்பாவின் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார், சோற்றுக் கையோடு. நான் டிவிக்குப் பின்னால் வயரைப் பார்ப்பவன் போல ஒதுங்கினேன். அவர் மும்தாஜைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் காதர் பாயைப் பார்த்தார். "எம் புள்ள குள்ளம்னு எனக்கு தெரியாதா சம்மந்தி, பெத்தவதான நானு? அழுவாதீங்க பாய். தோ, டிவிக்கு பின்னால ஒளிஞ்சிகினு கீறாரே, அவர இந்த டிவில இன்னொரு தபா போடச் சொல்லுங்க, மருமவ சொன்னது எனக்கும் சரியா கேக்கல."

சத்தத்தை எப்படியும் வரவைத்துவிடலாம் சகோதரர்களே, எந்த வீட்டில் வரவைக்கிறோம் என்பதை மட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.