டல்லா இருக்குதா?

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு டிப்ரஷன் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் டிக் அடித்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பயிற்சி கொடுத்த மேடம், "ஜனங்களுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எப்படிக் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் பக்கம் ஸ்கூட்டியில் போய்வரும் கிராம நர்ஸ் நான். ஊசி, எடை, இரும்புச்சத்து மாத்திரை என்று எதைப் பற்றியும் கூசாமல் பேசுவேன். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் 'இல்லை' என்று போட்டுக்கொண்டே போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பார்த்த அன்று அப்படிப் போட மனம் வரவில்லை. இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். அவளுக்குத் தாய் இல்லாததால் பேறுகாலம் பார்த்தது மாமியார்தான். குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. எடை பார்க்க நான் தூக்கியதும் வீறிட்டு அழுதது. அவள் திரும்பக்கூட இல்லை, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"இன்னாம்மா, மனசுல ஏதாச்சும் துக்கமா இருக்குதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்துவிட்டார். "பச்ச புள்ள இருக்கிற வூட்ல வந்து துக்கம் கிக்கம்னு பேசுறியே, அறிவு இருக்குதா ஒனக்கு? சாவு வூட்ல பேசுற பேச்சா இங்க பேசுவ?"

நான் சும்மா இருந்தேனா? "நான் அந்தப் பொண்ணத்தான் கேட்டேன், ஒங்கள கேக்கல" என்றேன். அதோடு முடிந்தது கதை. அடுத்த வாரம் போனபோது கதவே திறக்கவில்லை. "புள்ள தூங்குது, போய்ட்டு அப்பறமா வா" என்று குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

பொம்பளையா இது, ராட்சசி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் துக்கம் என்றால் சாவுதான். கவலையா என்று கேட்டால், "எனக்கு இன்னா கவல, அவரு நல்லாத்தான பாத்துக்குறாரு" என்பார்கள். சோகம் சினிமாவில் வருவது. டிப்ரஷன் என்று சொல்லிவிட்டாலோ பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பெண் தலை நிமிர முடியாது.

மிச்சம் இருந்தது டல். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை. கடலை மண்டியில் மல்லாட்டை வியாபாரம் டல் என்கிறார்கள், பல்பு டல்லாக எரிகிறது என்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வரும் என் மகனிடம் நானே "ஏன்டா டல்லா இருக்க?" என்றுதான் கேட்கிறேன். டல்லாக இருப்பதற்காக எவரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. இவ்வளவு நாள் வாயிலேயே வைத்துக்கொண்டு இதைக் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அமாவாசையன்று மாமியார் மேல்மலையனூர் கோயில் ராத்திரி பூஜைக்கு ஸ்பெஷல் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்ததும் சாயங்காலம் அங்கே போனேன். திருட்டுத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. மாமனார் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "ஏம்மா, ரொம்ப டல்லா இருக்குதா?" என்றேன்.

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "டல்லாத்தான்க்கா இருக்குது" என்றாள். "புள்ள அழுவுது. பக்கத்து வூட்டுப் புள்ள அழுவுற மாதிரி இருக்குது. நான் எதுக்கு எழுந்து போவணும்னு தோணுது." சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலை மாமியார் பஸ் விட்டு வரும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "பொண்ணு ரொம்ப டல்லா இருக்குதும்மா. ஒரு தடவ டாக்டரம்மா பாக்கட்டும்" என்றேன். அவர் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து மருமகள் நெற்றியில் வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்தார். "டல்லாத்தான் கெடக்குறா. சரி, வா, இட்டுனு போவலாம்" என்றார். இவ்வளவுதானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில். குழந்தை மாமியார் மடியில் தூங்கியது.

"ஏம்மா, டல்லுக்கெல்லாமா வைத்தியம் இருக்குது?" என்று கேட்டார்.

"இருக்குதும்மா. மொதல்ல ஒக்கார வெச்சிப் பேசுவாங்க. வேணும்னா மாத்திரையும் குடுப்பாங்க. சரியாயிடும்."

குழந்தையின் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எம் புள்ள பொறந்தப்ப எனக்கும் இப்டிதான் இருந்துச்சு. புள்ளையத் தொடவே புடிக்காது. எங்க மாமியாரு என்னைத் திமிரு புடிச்சவன்னாங்க. நானும் அப்டிதான் நெனச்சிக்கினேன், நமக்குத் திமிருதான் போலன்னு."

அவர் தலையைத் தூக்காமலே, "அது இன்னும் ஒரு ஒரு நாளு வருதும்மா. இத்தினி வருசம் ஆயிடுச்சே, இப்ப சொன்னா பாப்பாங்களா?" என்றார்.

எழுந்துபோய், வரிசையில் நின்று, அவர் பேருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்கிவந்தேன்.